பிள்ளைகளின் கையால் ஓர் ஐரிஷ் பண்டிகைச் சாப்பாடு

மார்ச் 17 அன்று எங்கள் வீட்டு அடுப்படி என் பொறுப்பு. என் மனைவி கார்க் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அன்று அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் நாள், நாடு முழுக்க அரசு விடுமுறைதான், 1903-லிருந்தே அப்படி. ஆனால் வார்டுக்கு விடுமுறை ஏது? காலையில் ஏழு மணிக்கு அவள் கிளம்பினால் திரும்பி வர ராத்திரி எட்டரை ஆகும். அதுவரை பத்து வயதுப் பையனும் ஆறு வயதுப் பெண்ணும் நானும்தான். மத்தியானம் ஊர்வலம் பார்க்கப் போவோம். வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சமைப்போம். அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும்.

முதல் வருடம் எனக்கு விவரம் தெரியவில்லை. இந்த நாளின் நிறம் பச்சை என்று பச்சை நிறச் சாயம் ஒரு பாட்டில் வாங்கி வந்து, கடையில் வாங்கிய கப் கேக்குகளின் மேல் பச்சை கிரீம் தடவச் சொன்னேன். பத்தே நிமிடம். வேலை முடிந்தது, பையன் டிவிக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாட்டி, துணியில் சுற்றிய ஒரு சூடான சோடா ரொட்டியோடு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், வெஸ்ட் கார்க் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். மேசையில் இருந்த பச்சைக் கிரீமைப் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "சனிக்கிழமை பிள்ளைகளை என் அடுப்படிக்கு அனுப்பு, கையை நன்றாகக் கழுவச் சொல்லி அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கீழே எழுதியிருப்பதில் பாதி அவரிடம் கற்றது. மீதி, அதற்கப்புறம் நான்கு வருடம் நாங்கள் மூவரும் செய்து பார்த்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு சமைப்பது என்றால் அலங்கார வேலையை மட்டும் அவர்களிடம் கொடுப்பது இல்லை. ஒரு பண்டத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு பிள்ளையின் பொறுப்பில் விட வேண்டும். ஐரிஷ் வீட்டுச் சாப்பாடு அதற்கென்றே அமைந்தது மாதிரி இருக்கிறது. மாவு, உருளைக்கிழங்கு, மோர், வெண்ணெய், ஏதோ ஒரு கீரை. சாமான் குறைவு. அதனால் கை செய்கிற வேலை ருசியில் அப்படியே தெரியும். எங்கள் வீட்டில் ரொட்டி சின்னவளுடையது. உருளைக்கிழங்கு பெரியவனுடையது. ஓவன் கதவும் கொதிக்கிற தண்ணீரும் என்னுடையவை, அதில் யாருக்கும் பங்கு கிடையாது.

முந்தின நாள்: வெண்ணெய்

16-ஆம் தேதி சாயங்காலம் வெண்ணெய் எடுப்போம். 250 மில்லி கிரீமை (இங்கே விப்பிங் கிரீம், டபுள் கிரீம் எதுவானாலும் சரி) ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, அழுத்தமான மூடி போட்ட பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டிலில் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. பிறகு குலுக்க வேண்டியதுதான். ஐந்து நிமிடத்தில் சத்தமே நின்றுவிடும், உள்ளே கிரீம் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் அங்கேதான் அலுத்துப் போவார்கள். விடாதீர்கள், பாட்டிலைக் கை மாற்றிக் கொடுங்கள். இன்னும் ஐந்து, பத்து நிமிடத்தில் திடீரென்று 'களக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மஞ்சள் உருண்டை ஒரு பக்கம், வெளுத்த நீர் ஒரு பக்கம். அந்த 'களக்' சத்தத்துக்காகவே சின்னவள் வருடம் முழுவதும் காத்திருக்கிறாள். உருண்டையை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில், தண்ணீர் கலங்காமல் வரும்வரை கழுவிப் பிழிந்து, உப்பு சேர்த்து வையுங்கள்.

கார்க்கில் இருந்துகொண்டு வெண்ணெயைத் தாண்டிப் போக முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை இந்த ஊரில்தான் இருந்தது. ஊரின் ஷேண்டன் பகுதியில் அந்தச் சந்தைக்குப் பக்கத்திலேயே இப்போது வெண்ணெய்க்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கடைகிற மத்தையும் மரப்பீப்பாயையும் பார்த்துவிட்டு வந்தபின் பையன் பாட்டிலைக் குலுக்கிய வேகமே வேறு.

பாட்டிலில் மிஞ்சிய நீரைக் கொட்டாதீர்கள், குடிக்க ருசியாக இருக்கும். ஆனால் அதை ரொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. காரணம் அடுத்ததில்.

சோடா ரொட்டி

450 கிராம் மைதா. இங்கே பொட்டலத்தில் 'கிரீம் ஃப்ளவர்' என்று போட்டிருக்கும். பாலாடை எதுவும் கலந்ததில்லை, சாதாரண மைதாவேதான். 'ஸ்ட்ராங்' என்று போட்ட மாவை எடுக்க வேண்டாம். ஒரு தட்டையான டீஸ்பூன் பிரெட் சோடா, அதாவது நம் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அது வேண்டாம். ஒரு டீஸ்பூன் உப்பு. 350 முதல் 400 மில்லி பட்டர்மில்க்.

பட்டர்மில்க்கை மோர் என்று சொன்னாலும் நாம் தாளித்துக் குடிக்கிற நீர்மோர் இல்லை. கடையில் அட்டைப்பெட்டியில் வருவது உறை ஊற்றிப் புளிக்க வைத்தது, கெட்டியாக இருக்கும். அந்தப் புளிப்புதான் ரொட்டியைத் தூக்குகிறது. சோடா புளிப்பைத் தொட்டதும் கரியமில வாயு கிளம்புகிறது. ஈஸ்ட் கிடையாது, ஊற வைப்பது கிடையாது. முந்தின நாள் பாட்டிலில் மிஞ்சியது புளிக்காத மோர், அதில் சோடா பொங்காது. பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்வதை விட இரண்டு டம்ளரில் காட்டிவிடலாம். ஒன்றில் கடை பட்டர்மில்க், ஒன்றில் அவர்கள் குலுக்கிய மோர், இரண்டிலும் அரை ஸ்பூன் சோடா. முதல் டம்ளர் நுரைத்து விளிம்பைத் தாண்டும். இரண்டாவது சும்மா இருக்கும். பட்டர்மில்க் கிடைக்காவிட்டால் 400 மில்லி பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் போதும். கெட்டித் தயிரில் கொஞ்சம் பால் விட்டுக் கரைத்தாலும் நன்றாக வரும்.

அயர்லாந்தில் இந்த ரொட்டி ஏன் வந்தது என்று பையன் கேட்டான். இந்த ஈரமான மண்ணில் விளைகிற கோதுமை மென்மையானது, ஈஸ்ட் போட்டு உயரமாக எழும்புகிற அளவுக்கு அதில் இழுவை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சோடா வந்தபோது இந்த மாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அன்றைக்கு வீடுகளில் ஓவன் கிடையாது. மூன்று கால் வைத்த இரும்புச் சட்டிக்குள் மாவை வைத்து, மூடியின் மேலும் கங்குகளைப் போட்டுச் சுட்டிருக்கிறார்கள்.

செய்முறைக்கு வருகிறேன். ஓவனை முதலில் 230 டிகிரியில் வைத்துவிடுங்கள் (விசிறி உள்ள ஓவன் என்றால் 210). மாவு, உப்பு, சோடா மூன்றையும் சல்லடையில் சலிக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். என் முதல் ரொட்டியில் சோடாவைச் சலிக்காமல் போட்டேன். வெந்ததும் வெட்டிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் புள்ளிகள், கடித்தால் சோப்பு மாதிரிக் கசப்பு. சின்னவள் துப்பிவிட்டாள், அந்த வருடம் மறுபடி சோடா ரொட்டியைத் தொடவே இல்லை. சோடாவை உள்ளங்கையில் வைத்துக் கட்டியை விரலால் நசுக்கிவிட்டுச் சல்லடையில் போடுவது இப்போது அவள் வேலை. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அகலமான பாத்திரத்தில் மாவின் நடுவே குழி பறித்து, பட்டர்மில்க்கில் முக்கால் பங்கை ஒரே தடவையில் ஊற்றுங்கள். இனிமேல்தான் முக்கியம். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை நம் கை. நம் பிள்ளைகளும் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், கையை வைத்ததும் அழுத்திப் பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். கூடவே கூடாது. பிசைந்தால் மாவு இறுகிவிடும், சோடா கிளப்பும் வாயுவுக்கு அதைத் தூக்கும் பலம் கிடையாது. எனது இரண்டாவது ரொட்டி செங்கல்லாக வந்தது அப்படித்தான். பாட்டி சின்னவளின் கையைப் பிடித்துக் காட்டினார். விரல்களை விறைப்பாக விரிக்க வேண்டும், கோழிக்கால் மாதிரி. நடுவில் ஆரம்பித்து வட்டம் வட்டமாக வெளியே கொண்டு வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு சுற்று. அதற்குள் எல்லாம் ஒட்டிச் சேர்ந்துவிடும். உதிரி மாவு தெரிந்தால் மிச்ச பட்டர்மில்க்கில் கொஞ்சம் விடுங்கள். மாவு தளதளவென்று, தொட்டால் கையில் ஒட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும்.

மாவு தூவிய பலகையில் கவிழ்த்து, கையை மாவில் தோய்த்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் உள்ளே தள்ளி ஒரு வட்டமாக்குங்கள். நான்கு சென்டிமீட்டர் உயரம் போதும். மேலே கத்தியால் ஆழமாக ஒரு சிலுவைக் கீறல். சூடு உள்ளே இறங்க அது வேண்டும், ரொட்டிக்கு ஆசீர்வாதம் என்றும் இங்கே சொல்வார்கள். கடைசியாக நான்கு மூலையிலும் கத்தி முனையால் ஒரு குத்து. உள்ளே மாட்டிக்கொண்ட தேவதைகள் வெளியேற வழியாம். சின்னவள் குத்தும்போது ஒவ்வொரு மூலைக்கும் குனிந்து "போயிடுங்க, சுடப் போகுது" என்று மெதுவாகச் சொல்வாள். அந்த நேரத்தில் நான் அவசரப்படுத்துவதில்லை. அதற்கு மேல் மாவைக் காக்க வைக்கவும் முடியாது, நுரை அடங்குவதற்குள் ஓவனுக்குள் போக வேண்டும்.

230-ல் 15 நிமிடம், பிறகு 200-க்குக் குறைத்து இன்னும் 30 நிமிடம். எடுத்துத் திருப்பி அடியைத் தட்டினால் காலித் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் தலைகீழாகவே இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். மேல் ஓடு மெத்தென்று இருக்க வேண்டும் என்றால் துணியில் சுற்றி ஆறவிடுங்கள். இதே மாவில் ஒரு முட்டை, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு கைப்பிடி உலர் திராட்சை சேர்த்தால் அதற்கு 'ஸ்பாட்டட் டாக்' என்று பெயர். சில ஊர்களில் அதை ரயில்வே கேக் என்பதும் உண்டு, ஸ்டேஷனுக்கு ஒரு திராட்சை என்ற கணக்கில்.

ஸ்டூ

இதை ஊர்வலத்துக்குப் போகும் முன்பே நறுக்கி வைத்துவிட்டு, வந்ததும் அடுப்பில் ஏற்றலாம். ஒரு கிலோ ஆட்டு இறைச்சி, கழுத்துப் பகுதி எலும்போடு இருந்தால் நல்லது. மூன்று பெரிய வெங்காயம், ஒரு கிலோ உருளைக்கிழங்கு, உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் தைம் இலை. பாதிக் கிழங்கை மெல்லிசாக நறுக்கி அடியில் போட்டால் அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், மீதியைப் பெரிய துண்டாக மேலே வையுங்கள். முழுகத் தண்ணீர், மூடி, சின்னத் தணல், ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு மணி நேரம். கேரட் சேர்க்கலாமா கூடாதா என்று இங்கே பெரியவர்கள் நடுவே தீராத வழக்கு. எங்கள் வீட்டில் சேர்ப்போம், பையன் நறுக்கிப் பழக கேரட் வேண்டும் என்பதற்காக. மஞ்சளும் மசாலாவும் சேர்க்காமல் ஒரு தடவை செய்து பாருங்கள். ஆட்டு ரசத்தின் தனி ருசி அப்போதுதான் தெரியும்.

கார்ன்ட் பீஃபும் (உப்பில் ஊறிய மாட்டிறைச்சி) முட்டைக்கோஸும் இந்த நாளின் சாப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அது அமெரிக்காவுக்குக் குடியேறிய ஐரிஷ்காரர்கள் அங்கே உண்டாக்கிய வழக்கம். இங்கே வீடுகளில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும்தான் பழையது.

கோல்கேனன்

பெரியவனின் பண்டம், கீரை சேர்த்த உருளைக்கிழங்கு மசியல். ஒரு கிலோ மாவுக் கிழங்கு வேண்டும். தோல் சிவந்த ரூஸ்டர் வகை எல்லாக் கடையிலும் கிடைக்கும். வழுவழுப்பான புதுக் கிழங்கு இதற்கு ஆகாது. 250 கிராம் கேல் கீரை அல்லது முட்டைக்கோஸ், ஐந்து வெங்காயத்தாள், 200 மில்லி பால், 100 கிராம் வெண்ணெய்.

கிழங்கைத் தோலோடு உப்புத் தண்ணீரில் வேக வைக்க வேண்டும். தோல் சீவி வேக வைத்தால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். வெந்ததும் தண்ணீரை நான் வடிப்பேன். வடித்த கிழங்கை அதே சூடான பாத்திரத்தில் போட்டு, மேலே ஒரு சுத்தமான துணியை மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கிழங்கு வெடித்து மாவு மாவாக நிற்கும். இதற்குள் பாலில் வெங்காயத்தாளை நறுக்கிப் போட்டு ஐந்து நிமிடம் சூடாக்குங்கள், பொங்க விட வேண்டாம். கேல் இலையைத் தண்டிலிருந்து உருவுவது சின்னவளுக்கு. முருங்கைக்கீரை உருவுவது போலத்தான், ஒரே இழுப்பு. தண்டு இல்லாத இலையை நறுக்கி, கொதிக்கிற உப்பு நீரில் நான்கு நிமிடம் போட்டு, வடித்து, இறுக்கிப் பிழிய வேண்டும். பிழியாவிட்டால் மசியல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் கட்டும்.

தோலை உரித்துக் கிழங்கைச் சூட்டோடு கையால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் பசை மாதிரி இழுக்கும். மசித்த கிழங்கில் சூடான பாலும் வெங்காயத்தாளும், பிறகு கீரை, பாதி வெண்ணெய், உப்பு, மிளகு. தட்டில் மலை மாதிரிக் குவித்து, உச்சியில் குழி செய்து, மீதி வெண்ணெயை அதில் விடுங்கள். ஓரத்திலிருந்து ஒவ்வொரு வாயாக எடுத்து நடுக் குளத்தில் தொட்டுச் சாப்பிட வேண்டும். பிள்ளைகள் குலுக்கி எடுத்த வெண்ணெய் போய்ச் சேருகிற இடம் இதுதான்.

கிழங்கு வேகிற அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நான் பையனுக்குப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் கேட்பான், ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வேன். 1845-இல் பூஞ்சணம் போன்ற ஒரு நுண்ணுயிரால் நோய் வந்து கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. 1841-இல் இந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள், 1851-இல் சுமார் 65 லட்சம். பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள், இன்னும் பத்து லட்சத்துக்கும் மேல் கப்பல் ஏறினார்கள். அந்த வருடங்களிலும் இங்கிருந்து தானியமும் வெண்ணெயும் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. அதைச் சொன்ன அன்று அவன், "வெண்ணெயுமா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கார்க்குக்குக் கிழக்கே மிடில்டனில் ஒரு பூங்காவில் வானத்தை நோக்கி நிற்கும் ஒன்பது எஃகு இறகுகளை அவன் பார்த்திருக்கிறான். அமெரிக்காவில் தங்கள் மண்ணிலிருந்தே விரட்டப்பட்ட சொக்டாவ் பழங்குடி மக்கள், 1847-இல் அயர்லாந்தின் பசிக்காகப் பணம் திரட்டி அனுப்பினார்கள், அந்த நன்றிக்கான சின்னம் அது. இதையெல்லாம் தெரிந்து கிழங்கை மசிக்கிற பிள்ளை சமைப்பதை நான் மதிக்கிறேன். பத்து வயதில் புரியாது என்று ஒதுக்க வேண்டாம்.

மசியல் மிஞ்சினால் மறுநாள் பாக்ஸ்டி. லெய்ட்ரிம், கேவன் மாவட்டங்களின் பண்டம். மசித்த கிழங்கு 250 கிராம், துருவிய பச்சைக் கிழங்கு 250 கிராம், மைதா 250 கிராம், ஒரு டீஸ்பூன் சோடா, உப்பு, ஊற்றும் பதம் வரும்வரை பட்டர்மில்க். பச்சைத் துருவலைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழிய மறக்காதீர்கள். தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டுத் தடிமனாக ஊற்றி, மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். "அப்பா, இது அடைதானே" என்றான் பையன். திருப்புவதை அவனிடம் விட்டுவிட்டேன்.

அக்டோபர் கடைசியில்: பார்ம்பிராக்

அக்டோபர் 31 இரவின் ஹாலோவீன் இந்த மண்ணில் சவ்வின் என்ற பழைய ஐரிஷ் பண்டிகையிலிருந்து வந்தது. கோல்கேனன் உண்மையில் அந்த இரவுக்கும் உரியது. ஆனால் பிள்ளைகளுக்கு அன்று பார்ம்பிராக் என்ற திராட்சை ரொட்டி வேண்டும், ஐரிஷ் மொழியில் 'புள்ளி ரொட்டி' என்று பொருள். அதில் வீட்டில் செய்ய எளிதானது, சாயாவில் ஊற வைத்துச் செய்கிற டீ பிராக். 30-ஆம் தேதி இரவு 375 கிராம் உலர் திராட்சையும் 125 கிராம் பழுப்புச் சர்க்கரையும் 250 மில்லி கடுங்கட்டன் சாயாவில் ஊறப் போடுங்கள். காலையில் திராட்சை சாயாவைக் குடித்து உப்பியிருக்கும். அதில் ஒரு முட்டை அடித்து ஊற்றி, 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவும் (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) ஒரு டீஸ்பூன் மிக்ஸ்டு ஸ்பைஸும் (பட்டை, ஜாதிக்காய் கலந்த பொடி) கலந்து, காகிதம் விரித்த ரொட்டி டின்னில் போட்டு 170 டிகிரியில் (விசிறி என்றால் 150) ஒரு மணி பத்து நிமிடம். குச்சி செருகினால் ஒட்டாமல் வர வேண்டும்.

பழைய வழக்கப்படி உள்ளே மோதிரம், காசு, துணித்துண்டு, பட்டாணி, குச்சி எல்லாம் ஒளித்து வைப்பார்கள். யாருடைய துண்டில் எது வருகிறதோ அதுவே அவருக்கு அந்த வருடத்துப் பலன். துணி வறுமைக்கு, பட்டாணி கல்யாணம் ஆகாததற்கு. ஆறு வயதுப் பிள்ளையிடம் அதையெல்லாம் சொல்ல எனக்கு மனமில்லை, காசு மட்டும் வைக்கிறேன். இரண்டு யூரோ நாணயம், எளிதில் கண்ணில் படும் அளவு பெரியது. நன்றாகக் கழுவி, பட்டர் காகிதத்தில் பெரிய பொட்டலமாக மடித்து, வெந்து ஆறிய ரொட்டியின் அடியில் கீறிச் செருகுங்கள். உள்ளே காசு இருக்கிறது என்று வெட்டும் முன் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் ரொட்டிக்குள் காசே வேண்டாம், அதை ஒரு தட்டின் அடியில் ஒட்டி வையுங்கள்.

பிராக்கைச் சுட்ட அன்றே வெட்டாமல் ஒரு நாள் காகிதத்தில் சுற்றி வைத்தால் ஈரம் பரவி இன்னும் நன்றாக இருக்கும், காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். எங்கள் வீட்டில் ஒரு முனைத் துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். மனைவி வேலை முடிந்து வந்ததும் சின்னவள் அதை டோஸ்டரில் போட்டு, வெண்ணெயைத் தடிமனாகத் தடவி, அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.